செத்தவன் எண்ணெய் விட்ட செயின்

பழைய சைக்கிளொன்றைப் பிடித்துக்கொண்டு கடைவாசலில் ஒரு பெண் நின்று அழுதால் அந்தக் கடையில் யாவாரம் நடக்காது. காத்தான்குடிச் சைக்கிள் கடை முகைதீன்பாவா முதல் நாள் பொறுத்துப் பார்த்தார். மறுநாளும் அவள் வந்து அதே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கவே, அவளையும் சைக்கிளையும் சேர்த்து ஓவசியர் அழகரத்தினத்தின் துப்பறியும் கந்தோருக்கு அனுப்பிவிட்டார். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. விசாரணை முடிந்து சைக்கிள் திரும்பும்போது பழுதெல்லாம் பார்த்து, உடனே விற்கக்கூடிய நிலையில் திரும்ப வேண்டும்.

"விசாரிக்க அனுப்பினவரா, திருத்த அனுப்பினவரா?" என்று கேட்டார் ஓவசியர்.

"ரெண்டுக்கும்தான். என்ட பழைய முதலாளியல்லா, எனக்குத் தெரியாதா? அழுற புள்ளக்கி வாழைப்பழம் குடுத்தாலும் தோலைத் திருப்பித் தா எண்டு கேப்பாரு" என்றான் முத்தலிப்.

முத்தலிப் அந்தக் கடையில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தவன். கையை விட வாய் கூடுதலாக வேலை செய்கிறது என்று முகைதீன்பாவா அவனை நிறுத்தியபோது ஓவசியர் உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார். ஓவசியருக்கு இடது காது மந்தம். முத்தலிப்பின் கதிரையை அவர் அந்தப் பக்கத்தில்தான் போட்டிருந்தார்.

ஓவசியர் என்பது பழைய உத்தியோகத்தின் பெயர். வாழ்நாள் முழுதும் றோட்டுப் போட்டவர், ஓய்வு பெற்ற பிறகு றோட்டில் போகிறவர்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். அவருடைய கந்தோர் ஆரையம்பதியும் காத்தான்குடியும் முட்டுகிற எல்லையில் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுக் கொலைகளெல்லாம் நடந்த பிறகு, இந்தப் பக்கத்துத் தமிழரும் அந்தப் பக்கத்து முஸ்லிம்களும் எல்லை தாண்ட யோசித்தார்கள். ஓவசியர் யோசிக்கவில்லை. ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் யன்னல் உள்ள அறையாகப் பார்த்து வாடகைக்கு எடுத்தார். முத்தலிப் தன் ஊரிலிருந்து கதவால் வருவான். ஆரையம்பதித் தேத்தண்ணிக் கடை யன்னலால் தேத்தண்ணி தரும்.

இப்போது அந்தக் கதவுக்குள் நின்றவள் குருக்கள்மடத்து அன்னப்பூரணி. அழுது முடிந்திருந்தாள். சைக்கிளை மட்டும் இன்னும் விடவில்லை.

"இது என்ட புருசன்ட சைக்கிள் ஐயா. யோகராசா. சித்திரை வருசத்துக்குக் கல்லடியில இருந்து களுவாஞ்சிக்குடிக்கு ரேஸ் வைப்பாங்களே, அதில எப்பவும் முதலாவது அவர்தான். கருவாடு எடுத்து வாறன் எண்டு வாழைச்சேனைக்கு அங்கால போனார். அந்தக் கிழமையே சண்டை துவங்கி றோட்டுப் பூட்டிட்டாங்க. ரெண்டு வருசமாச்சு. மாங்கேணியில வெடியில போயிட்டார் எண்டு ஒராள் சொல்லுறார். சுட்டது எண்டு இன்னொராள் சொல்லுறார். கண்ணால கண்டன் எண்டு சொல்ல ஒருத்தருமில்ல."

"ரேஸ் சைக்கிள்லயா கருவாடு ஏத்தப் போன?" என்றான் முத்தலிப்.

"ரேஸ் இல்லாத மாசத்தில நாங்க என்ன தின்னுற, காக்கா?"

முஸ்லிம் ஆளை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அன்னப்பூரணி ஓவசியரின் பக்கம் திரும்பினாள்.

"வாற வெள்ளிக்கிழம அமுது குடுக்க அம்மான் ஏற்பாடு செஞ்சிட்டார்."

அமுது என்றால் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கிப் படைத்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுவது. அதோடு கணக்கு முடிந்தது, ஆள் இல்லை என்று பொருள். தாயோடு பிறந்த அம்மான் சொன்னால் அந்தக் குடியில் மறுபேச்சுக் கிடையாது. நல்லரத்தினம் அம்மான் அரிசி மூட்டையும் இறக்கி, ஊருக்கும் சொல்லிவிட்டார்.

"அண்டைக்குத் தாலியும் கழட்டணும். எனக்கு ஒண்டு தெரிஞ்சாப் போதும் ஐயா. அவர் இல்லையெண்டா நானே கழட்டி வச்சிட்டுச் சோறு போடுறன். இரிக்காரெண்டா ஒருத்தரும் என்ட கழுத்தில கை வைக்க ஒண்ணா. இந்தச் சைக்கிளக் கொண்டு வந்தது ஆரெண்டு பாத்துச் சொல்லுங்க."

ஓவசியர் சைக்கிளைப் பார்த்தார். கறுப்புப் பெயின்ற் பளபளத்தது. வளைந்த ரேஸ் ஹாண்டில் மேல்நோக்கித் திருப்பிப் பூட்டப்பட்டிருந்தது.

"உன்ட புருசன்ட சைக்கிள் கறுப்பா புள்ள?"

"இல்ல ஐயா. சிவப்பு."

"பிறகு எப்பிடி இதுதான் எண்டு சொல்லுறாய்?"

"ஐயா, பக்கத்து வீட்டுப் புள்ள சட்டை மாத்திப் போட்டா நமக்கு ஆளத் தெரியாதா?"

முத்தலிப்புக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. "கறுப்பு அடிச்சது எங்கட முகைதீன்பாவா காக்காதான் ஓவசியர். கடைக்கு வாற சைக்கிளுக்கெல்லாம் அவர் கறுப்புத்தான் அடிப்பாரு. ஆமிச் சென்றியில நிறம் கண்டாக் கூப்பிட்டு விசாரிப்பானுகள், கறுப்பெண்டா கண்ணுல படாது எண்டு சொல்லுவாரு. அவர்ர வாப்பா வந்து நிண்டாலும் கறுப்படிச்சு வித்துப்போடுவாரு."

"சைக்கிள்ல வேற என்ன அடையாளம்?" என்று அவளைக் கேட்டார் ஓவசியர்.

"ஓட்டை இரிக்கும். பிறேக் பிடியிலயும், முன்னுக்குச் செயின் ஓடுற சில்லுலயும் வரிசையா ஓட்டை போடுவிச்சவர். பாரம் குறையட்டுமாம்."

"அந்த ஓட்டையால எவ்வளவு குறையும்?" என்றான் முத்தலிப்.

"ஒரு சிரட்டைப் பாரமும் குறையாது. ரேசுக்கு முதல் நாள் தலைமுடியும் நகமும் வெட்டிப்போட்டுத்தான் நிப்பார்."

முத்தலிப் ஓர் ஆணியை எடுத்துப் பிறேக் பிடியைச் சுரண்டினான். கறுப்பு உரிந்தது. உள்ளே ஒரு வட்டம் மெத்தென்று குத்துப்பட்டது. முகைதீன்பாவா ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்து, மேலே பெயின்ற் அடித்திருந்தார். ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ளத் தள்ள வரிசையாக ஓட்டைகள் திறந்தன. சட்டகத்தைச் சுரண்டிய இடத்தில் சிவப்புத் தெரிந்தது. அன்னப்பூரணி தன் சின்ன விரலை ஓர் ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தாள். பிறகு அதை எடுக்காமலே நின்றாள்.

"சைக்கிள் அவர்ரதான்" என்றார் ஓவசியர். "அது முடிஞ்சுது. ஆனா சைக்கிள் வந்ததெண்டா ஆள் வந்ததாகாது மகள். நீ இஞ்சயே இரு."

முகைதீன்பாவாவின் கடை கூப்பிடு தூரத்தில்தான். அவர் இவர்களைக் கண்டதும் முதலில் கேட்டது, "திருத்தியாச்சா?" என்றுதான்.

"கொண்டந்தது ஆரு காக்கா?" என்றான் முத்தலிப்.

"ஓட்டமாவடி அஹமட். மீன் லொறி ஓடுறானே, அவன். ஆனா அந்தப் பொடியன்ட போக்குத்தான் எனக்கு விளங்கல்ல. நான் ஒரு விலை சொன்னன். சரி எண்டுட்டான்."

"விலை பேசல்லயா?"

"பேசவே இல்ல. அது போகட்டும், சாமானக் குடுத்துட்டுப் போகாம, முன்னுக்குத் தூக்கிக் கொழுவுங்க, றோட்டால பஸ்ஸுல போறவனுக்கும் தெரியணும் எண்டு நிண்டு கொழுவிச்சுட்டுத்தான் போனான். அவன் போனாப் பிறகுதான் இறக்கிக் கறுப்படிச்ச நான். கள்ளச் சாமானெண்டாப் பின்னுக்கு ஒளிக்கச் சொல்லுவான். இவன் முன்னுக்குக் கொழுவச் சொல்லுறான். இந்த முப்பது வருசத்துல நான் இப்பிடி ஒரு கள்ளனக் கண்டதில்ல."

"கள்ளன் எண்டு ஆரு சொன்ன?" என்றார் ஓவசியர்.

"சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாம வித்தா வேற என்ன எண்டு சொல்லுற?" என்றார் முகைதீன்பாவா.

திரும்பி வந்ததும் ஓவசியர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தச் சொன்னார். "திருத்து. ஒவ்வொண்டாக் கழட்டு. கழட்டுறதெல்லாத்தையும் எனக்குச் சொல்லு" என்றார். முத்தலிப் சட்டையைக் கழற்றி யன்னலில் போட்டுவிட்டுக் குந்தினான். செயினைத் தொட்டதும் முகத்தைச் சுளித்தான்.

"அல்லாட காவல்! என்ன நாத்தம் இது? செத்த மீனுக்குள்ள கை வச்ச மாதிரி."

"சுறா எண்ணெய்" என்றார் ஓவசியர். அவருடைய காதுதான் மந்தம். மூக்கில் ஒரு குறையுமில்லை. "தோணிப் பலகைக்குப் பூசுறது. உப்புக் காத்துக்குத் துருவும் பிடியாது. இப்ப செயின் எப்பிடி இரிக்கு?"

"நல்லா இரிக்கி. சுறா நாறினாலும் சும்மா வழுக்கிட்டு ஓடுது. ஒரு கண்ணியிலயும் துருவில்ல. பின் சில்லுக் குண்டெல்லாம் புதுசாக் கிறீஸ் வச்சுப் பூட்டியிரிக்கி. சில்லச் சுத்திப் பாருங்க, ஒரு மயிரளவும் கோணல் இல்ல. நம்மட கடையில திருத்தி விட்டாலும் இப்பிடி வராது. நான் நிண்ட காலத்துலயும் வரல்ல."

ஓவசியர் தலையை ஆட்டினார். "ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. இந்த ஊரில ஒரு மாரிக்கு எண்ணெய் காணாத செயின் துருப்பிடிச்சு அறுந்துபோம். ரெண்டு வருசமா ஆளில்லாத சைக்கிள் இது. செத்தவன் செயினுக்கு எண்ணெய் விடுவானா முத்தலிப்பு?"

அன்னப்பூரணி இருந்த இடத்தைவிட்டு எழுந்தாள்.

"வேற ஆரும் எடுத்து ஓடியிரிக்கலாமே" என்றான் முத்தலிப். அவளுக்கு வீண் ஆசை காட்டிவிடக் கூடாது என்று அவனுக்குப் பயம். "எடுத்தவனும் ஒரு கைகாரனா இரிக்கலாம்."

"இருக்கலாம். கம்பியப் பார்."

முத்தலிப் பின் சில்லின் கம்பிகளைப் பார்த்தான். ஒரு கம்பி மற்றக் கம்பியைக் குறுக்கே வெட்டுகிற இடத்தில், தங்கூசி என்கிற மீன்பிடி நைலோன் நூலால் இறுகச் சுற்றிக் கட்டியிருந்தது. இப்படிக் குறுக்கு வெட்டுகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு கட்டு. சைக்கிள் கடையில் இவ்வளவு காலம் இருந்தும் இப்படியொரு கட்டை அவன் கண்டதில்லை.

"ரேஸ்காரர் கட்டுற கட்டு ஐயா" என்றாள் அன்னப்பூரணி. "வளைவில திருப்பக்குள்ள சில்லு ஆடாம இரிக்க. அவர் கட்டக்குள்ள நான்தான் சில்லப் பிடிச்சிக்கொண்டு இரிக்கிற. நுனிய முடிச்சுப் போட மாட்டார். சுத்துக்குள்ளயே செருகி இழுப்பார்."

முத்தலிப் ஒரு கட்டை நகத்தால் நெம்பினான். முடிச்சு இல்லை. நுனி உள்ளே செருகியிருந்தது.

"அப்ப இது பழைய கட்டாக்கும்" என்றான்.

"பழைய கட்டு செப்புக் கம்பி" என்றாள் அவள். "பழுதான டைனமோ உடைச்சு எடுத்தது. எங்கட வீட்டில தங்கூசி ஏது? நாங்க வலை போடுற ஆக்களில்ல."

அதே கை, அதே செருகல், வேறு நூல். வீட்டை விட்டுப் போன பிறகு கட்டிய கட்டு.

"இரிக்கார்" என்றாள் அன்னப்பூரணி. சொல்லிவிட்டுச் சுவரோடு சரிந்து இருந்து, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த முறை முத்தலிப்புக்கு அதைப் பார்க்க அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

வேலை முடிய ஒன்றுதான் மிச்சம். இடது பெடல் மிதித்து மிதித்துத் தேய்ந்து, அதில் பழைய டியூப்பை வெட்டிக் காலைக் கட்டுகிற பட்டியொன்றும் போட்டிருந்தது. அதை உடனே கழற்றிப் பூட்டிவிட்டான். வலது பெடல்தான் அசைய மறுத்தது. துருவேறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினான், தட்டினான், ஏசினான். "இவ்வளவும் பாத்துப் பாத்துச் செஞ்ச மனுசன் இத மட்டும் ஏன் விட்டாரு? நாசமறுப்பு, கழரவே மாட்டெண்டுது. இந்தப் பக்கத்துக்கு எண்ணெய் முடிஞ்சு போச்சாக்கும்."

ஓவசியர் குனிந்து அந்தப் பெடலை விரலால் ஒரு முறை தட்டிப் பார்த்தார். பிறகு தேத்தண்ணி கேட்டார். யன்னலால் தேத்தண்ணி வந்தது. அவர் அதைக் குடிக்கவில்லை.

"என்ன ஓவசியர்?"

"ஒண்டுமில்ல. சுறா எண்ணெய் காய்ச்சுற இடம் இப்ப அஹமட்ட லொறி போற வழியில கதிரவெளிதான். நாளைக்குப் போவம்."

முத்தலிப் அவருடைய நல்ல காதுக்குப் போய்க் குனிந்தான். "நான் ஒண்டு சொல்லட்டா? ஆள் மவுத்தாகல்ல. வீட்டுக்கும் வரல்ல. சைக்கிள் மினுங்குது. இதுக்கு அர்த்தம் ஒண்டுதான். கதிரவெளியில இன்னொரு பொண்டாட்டி. புள்ளையும் இரிக்கும்."

"காக்கா" என்றாள் அன்னப்பூரணி, சுவரோரமாக இருந்தபடி. "மெதுவாக் கதைக்கிறதெண்டா இன்னும் கொஞ்சம் மெதுவாக் கதைக்கணும்."

முத்தலிப்புக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீங்க சொல்லுறத நானும் நினைச்சன். இருந்திட்டுப் போகட்டும். உசிரோட ஒருக்காக் கண்டாப் போதும். மறுகா அந்த உசிர நான் எடுக்கிறன்."

அது பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம். சென்றிகளில் துவக்குகள் தோளில் கிடந்தன, கையில் இல்லை. அஹமட்டின் லொறி விடிந்ததும் வெறும் ஐஸ் பெட்டிகளோடு வடக்கே போகும், பின்னேரம் மீனோடு திரும்பும். லொறியை மறித்து ஓவசியர் வாயைத் திறக்குமுன்பே அஹமட் கையெடுத்துக் கும்பிட்டான்.

"என்னட்ட ஒண்டும் கேட்காதீங்க ஓவசியர். சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணிட்டன். சத்தியத்த முறிக்க ஒண்ணா. ஆனா இந்த லொறி கதிரவெளிக்குத்தான் போகுது. பின்னுக்கு ஆரு ஏறுறாங்க எண்டு திரும்பிப் பாக்கிற பழக்கம் எனக்கில்ல."

ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே மூவரும் சைக்கிளும் ஏறினார்கள். ஓட்டமாவடிப் பாலம், மாங்கேணி, பனிச்சங்கேணி என்று ஒவ்வொரு சென்றியிலும் எல்லாரும் இறங்கி நடந்து, அங்காலப் பக்கம் மறுபடி ஏறினார்கள். மாங்கேணியில் நடக்கும்போது அன்னப்பூரணி றோட்டோரத்துப் பற்றைகளைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு நடந்தாள். முத்தலிப் ஒரு பகிடி சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டான்.

கதிரவெளியில் கடலோரமாக, தகரப் பீப்பாவைப் பாதியாக வெட்டி அடுப்பில் வைத்து, சுறா ஈரல் காய்ச்சிக்கொண்டிருந்தாள் சீதேவிப்பிள்ளை. நடுத்தர வயது. சொந்தமாகத் தோணி வைத்துத் தொழில் செய்விக்கிறவள். கையிலிருந்த அகப்பையைக் கீழே வைக்காமலே இவர்களைப் பார்த்தாள். பின்னால் ஓலைக் குடிசையொன்று. படல் சாத்தியிருந்தது.

"யோகராசா எண்டு ஒராளத் தேடி வந்த நாங்க" என்றார் ஓவசியர்.

"இஞ்ச அப்பிடி ஆரும் இல்ல."

"சைக்கிள் ரேஸ் ஓடுற ஆள்."

"இந்த மணலில ஆர் சைக்கிள் ஓடுற? இஞ்ச இரிக்கிற நானும் நாயும்தான்."

முத்தலிப் குடிசையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். இவள்தான் அந்தப் பெண்டாட்டி என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அன்னப்பூரணியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படலைத் தள்ளித் திறந்து பார்க்கலாம். ஆனால் சம்மதம் இல்லாமல் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் புகுந்துவிட்டு அந்த ஊரை விட்டு மரியாதையாகத் திரும்ப முடியாது. ஓவசியர் அதற்கு முயலவே இல்லை.

"முத்தலிப்பு, முன் டயர்க் காத்தத் திறந்து விடு."

"என்ன?"

"காத்தத் திறந்து விட்டிட்டு ஏறி ஓடு. இந்த வளவச் சுத்தி."

"ஓவசியர், நேத்து முழுக்க இதோட மாரடிச்சிருக்கன். முகைதீன்பாவா காக்கா என்ட தோலை உரிச்சுக் கடைக்கு முன்னால கொழுவுவாரு. கறுப்பும் அடிப்பாரு."

"ஓடு."

காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. முத்தலிப் ஏறினான். வளவு ஓரத்தில் மணலுக்கு மேலே கல்லும் பனை வேரும் துருத்திய தடமொன்று இருந்தது. அதில் ஓட்டினான். வெறும் டயர் நசிந்து, றிம் கல்லில் மோதி, 'டக், டக்' என்று கேட்டது. ஒரு சுற்று வந்தான். சீதேவிப்பிள்ளை பேயைப் பார்ப்பது போல் பார்த்தாள். ஓவசியர் கையைச் சுழற்றி, இன்னும் ஓடு என்றார். முத்தலிப் பிஸ்மி சொல்லிக்கொண்டு பெரிய வேரொன்றின் மேலேயே விட்டான்.

"டேய்!" என்று குடிசைக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் அலறியது. "இறங்குடா மடையா! காத்தில்லாம ஓடுறான்! றிம் கோணப் போகுதுடா, இறங்கு!"

முத்தலிப் இறங்கினான். சீதேவிப்பிள்ளை அகப்பையைப் பீப்பாவுக்குள்ளேயே போட்டுவிட்டாள். படலுக்கு அந்தப் பக்கம் திடீரென்று சத்தமில்லாமல் போயிற்று. கத்தினவனுக்கு இப்போதுதான் தான் செய்த வேலை விளங்கியிருக்க வேண்டும்.

"வெளியால வாங்க தம்பி" என்றார் ஓவசியர். "சில்லு நிண்டுட்டு."

படல் திறந்தது. தோணி வலிக்கும் சவள் கட்டையில் செய்த ஊன்றுகோலைக் கக்கத்தில் கொடுத்துக்கொண்டு, மெலிந்த உயர்ந்த மனிதன் ஒருவன் வந்தான். கட்டியிருந்த சாறன் இடது பக்கம் நேராக இறங்கியது. வலது பக்கம் முழங்காலோடு வெறுமையாகத் தொங்கிற்று.

முத்தலிப்புக்கு நேற்றைக்கு மண்ணெண்ணெய் ஊற்றியதும் தட்டியதும் ஏசியதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவன் ஓவசியரைப் பார்த்தான்.

"மிதிக்காத பெடலுக்கு எதுக்கு எண்ணெய்?" என்றார் ஓவசியர் மெதுவாக. "இடது காலைப் பட்டியில கட்டி, அதாலயே மிதிச்சு, அதாலயே இழுத்து ஓடியிரிக்கார்."

"நேத்தே சொல்லியிரிக்கலாமே!"

"அந்தப் புள்ளைக்கு முன்னாலயா?"

அந்தப் பிள்ளை அசையவில்லை. யோகராசா அவளைக் கண்டுவிட்டான். திரும்பிப் படலுக்குள் போய்விடத்தான் பார்த்தான். ஒரு காலும் ஊன்றுகோலுமாக மணலில் விரைவாகத் திரும்ப முடியவில்லை.

"மிதிவெடி" என்றான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "மாங்கேணியில, சைக்கிள விட்டிட்டுப் பத்தைக்குள்ள இறங்கக்குள்ள. இந்த அக்காட தோணிக்காரர்தான் என்னையும் சைக்கிளையும் தூக்கிக்கொண்டு வந்தவங்க. இவ இல்லையெண்டா அண்டைக்கே முடிஞ்சிருக்கும்."

"ரெண்டு வருசம்" என்றாள் அன்னப்பூரணி.

"கால் போன பொடியனச் சென்றியில கண்டா சண்டையில காயப்பட்ட இயக்கக்காரன் எண்டு பிடிப்பாங்க. வரப் பயம். பிறகு… பிறகு பயமும் இல்ல புள்ள. ரேஸ் ஓடித்தான் உன்னக் கட்டின நான். கருவாடு ஏத்தித்தான் உனக்குச் சோறு போட்ட. இனி நான் வந்து உன்ட வீட்டில ஒரு மூலையில கிடந்து என்ன செய்ய? உனக்கு வயசிருக்கு. நான் செத்துட்டன் எண்டு தெரிஞ்சா அம்மான் வேற இடம் பாப்பார் எண்டு நினைச்சன். அதான் சைக்கிள அஹமட்டுக்கிட்டக் குடுத்து, நீ பஸ்ஸில போகக்குள்ள காணுற இடமாக் கொழுவச் சொன்ன. சைக்கிள் கடைக்கு வந்திட்டெண்டா ஆள் இல்ல எண்டு விளங்கிக்குவாய் எண்டு…"

"விளங்கினதுதான். நம்பல்ல."

"ஏன்?"

"செத்தவருக்குச் செயினுக்கு எண்ணெயெல்லாம் விட்டு அனுப்ப ஏலுமா?"

யோகராசா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "அழுக்குச் செயினோட எப்பிடிப் புள்ள அனுப்புற?" என்றான். அது உண்மையாகவே அவனுக்கு விளங்காத கேள்வியாக இருந்தது.

அன்னப்பூரணி நடந்து அவனருகே போனாள். ஓங்கி ஒரு அடி போடப்போகிறாள் என்று முத்தலிப் நினைத்தான். அவள் குனிந்து அந்த வெறும் சாறன் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் தடவினாள். பிறகு நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழம உங்கட அமுது" என்றாள்.

"என்ன?"

"அமுது. அம்மான் ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. அரிசி வந்திட்டு. ஐயருக்கும் சொல்லியாச்சு. இனி நிப்பாட்டினா மானக்கேடு. நீங்க வந்து முன் பந்தியில இருந்து சாப்பிடுங்க."

"என்ட அமுதுக்கு நானா?"

"நீங்க வராட்டியும் நடக்கும். வந்தீங்கெண்டா ஆக்கள் நல்லாச் சாப்பிடுவாங்க."

யோகராசா ஓவசியரைப் பார்த்தான். ஓவசியர் தொண்டையைச் செருமினார். "கிராம உத்தியோகம் பாக்கிற விதானையார் எனக்குத் தெரிஞ்ச ஆள். அவரையும் கூட்டிக்கொண்டு உங்கள ஏத்த லொறியில வருவம். சென்றியில நான் கதைக்கிறன். இந்தப் பாதையில பாதி நான் போட்ட றோட்டு தம்பி" என்றார். அஹமட் லொறியடியில் நின்று, தனக்கு எதுவும் கேட்கவில்லை என்பது போல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீதேவிப்பிள்ளை மட்டும் வாய்விட்டு அழுதாள். இரண்டு வருசமாக அவனிடம் வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போ என்று தான் சொல்லிக் களைத்ததை அடுப்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாறதெண்டா இப்பயே சொல்லணும்" என்றாள் அன்னப்பூரணி. "இன்னும் கறி முடிவெடுக்கல்ல. செத்தவருக்கு எது விருப்பமோ அதுதான் ஆக்கிற வழக்கம். அம்மான் என்னட்டக் கேட்டார். நான் அழுதழுது ஒண்டும் சொல்லல்ல. உங்களுக்கு என்ன வேணும்?"

யோகராசா ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இறாலும் முருங்கைக்காயும் போட்டு" என்றான் கடைசியில். "தேங்காய்ப்பால மட்டும் கொஞ்சம் கூடுதலா விடு."

சொல்லி முடிக்குமுன்பே அவன் அழத் தொடங்கிவிட்டான்.